விற்ற ஆலைக்குள் மானியம் ஒளிந்திருக்குமா? ஒரு எஃகு வரியின் கதை

முதலில் ஒரு சின்னக் கணக்கு.

ஒரு ஊராட்சி பத்து லட்சம் ரூபாய் செலவில் ஒரு மாவு மில் கட்டுகிறது. மில் நஷ்டத்தில் ஓடுகிறது. கடைசியில் ஏலம் விடுகிறார்கள். அன்றைய மார்க்கெட்டில் அந்த மில்லுக்கு மூன்று லட்சம்தான் மதிப்பு. ஒருவர் அந்த மூன்று லட்சத்தை முழுசாகக் கட்டி மில்லை எடுத்துக்கொள்கிறார். எதிர்த்தெருவில் இன்னொருவர், சொந்தமாகக் கடன் வாங்கிப் பத்து லட்சத்தில் மில் போட்டு வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்.

இப்போது சொல்லுங்கள். ஏலத்தில் எடுத்தவர் அரசு மானியம் பெற்றவரா, இல்லையா?

"இல்லை, அவர் மார்க்கெட் விலை கொடுத்துத்தானே வாங்கினார்" என்று சிலர் சொல்வீர்கள். "அதெப்படி, பத்து லட்சத்து மில் மூன்று லட்சத்துக்குக் கிடைத்ததே" என்று சிலர் சொல்வீர்கள். எங்கள் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். சரிபாதியாகப் பிரிந்து சண்டை போட்டார்கள்.

நாங்கள் பத்து நிமிடம் போட்ட சண்டையை அமெரிக்காவும் ஐரோப்பாவும் பத்து வருஷத்துக்கு மேல் போட்டன. மாவு மில்லுக்குப் பதில் அங்கே இருந்தது பிரிட்டனின் எஃகு ஆலை. அந்தக் கதையைத்தான் எழுதப் போகிறேன்.

சண்டைக்குக் காரணமான பொருள்

லேத்து பட்டறை பக்கம் போயிருப்பவர்களுக்குத் தெரியும். சாதாரண இரும்பைக் கடையும்போது நீளநீளமாகச் சுருள் வந்து உளியைச் சுற்றிக்கொள்ளும். எஃகு காய்ச்சும்போதே கொஞ்சம் ஈயமோ பிஸ்மத்தோ சேர்த்துவிட்டால் அந்தச் சுருள் துண்டு துண்டாக உடைந்து விழும். உளியும் சீக்கிரம் தேயாது, வேலையும் வேகமாக நடக்கும். கார் பாகங்கள், குழாய் இணைப்புகள், போல்ட் நட்டு மாதிரி லட்சக்கணக்கில் கடைய வேண்டிய சாமான்களுக்கு இந்த எஃகுக் கம்பிதான் வசதி. பிரிட்டனில் இருந்து இது அமெரிக்காவுக்கு ஏற்றுமதி ஆனது.

மக்கள் பணத்தில் ஓடிய ஆலை

1967-ல் பிரிட்டன் தன் பெரிய எஃகு கம்பெனிகள் பதினான்கையும் தேசியமயமாக்கி 'பிரிட்டிஷ் ஸ்டீல் கார்ப்பரேஷன்' என்ற ஒரே அரசு நிறுவனமாக்கியது. அன்றைக்கு அதில் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். 1973 எண்ணெய் விலை ஏற்றத்துக்குப் பிறகு உலகமெங்கும் எஃகுக்குக் கிராக்கி குறைந்தது. பழைய ஆலைகள், அதிகமான ஆட்கள், ஜப்பானின் போட்டி என்று எல்லாம் சேர்ந்து நிறுவனம் நஷ்டத்தில் மூழ்கியது. 1979-80 என்ற ஒரே நிதியாண்டின் நஷ்டம் சுமார் 180 கோடி பவுண்டு. லட்சம் இல்லை, கோடி!

தனியார் கம்பெனியாக இருந்தால் மூடியிருப்பார்கள். இங்கே முதலாளி அரசாங்கம். 1977-ல் இருந்து 1986 வரை திரும்பத் திரும்பப் பங்கு மூலதனமாகப் பணம் போட்டுக்கொண்டே இருந்தது. லாபத்தை எதிர்பார்க்கிற எந்த முதலீட்டாளரும் அப்படிப்பட்ட கம்பெனியில் அந்தப் பணத்தைப் போட்டிருக்க மாட்டார் என்பதால், பெயர் 'மூலதனம்' என்றாலும் அது மானியம்தான். இந்த இடத்தில் பிரிட்டன் தரப்பிலும் பெரிய மறுப்பு இல்லை.

பணம் மட்டும் போதவில்லை. 1980 ஜனவரியில் தொடங்கி ஏப்ரல் வரை தொழிலாளர்கள் நாடு தழுவிய வேலைநிறுத்தம் செய்தார்கள். அதே வருஷம் இயான் மெக்கிரெகர் தலைவராக வந்து ஆலைகளை மூட ஆரம்பித்தார். டர்ஹாம் மாவட்டத்தில் கான்செட் என்று ஒரு ஊர். 1840-களில் இருந்து எஃகை நம்பியே வாழ்ந்த ஊர். ஆலையின் செந்தூசி வீட்டுக் கூரைகளில் படிந்திருக்குமாம். 1980 செப்டம்பரில் அந்த ஆலையை மூடினார்கள். தூசி போய்விட்டது, கூடவே வேலையும் போய்விட்டது.

1986-ல் அரசு நிறுவனமும் ஜி.கே.என். என்ற தனியார் பொறியியல் நிறுவனமும் ஆளுக்குப் பாதி என்று சேர்ந்து 'யுனைடெட் இன்ஜினியரிங் ஸ்டீல்ஸ்' என்ற கூட்டு நிறுவனத்தைத் தொடங்கின. சுருக்கமாக யு.இ.எஸ். அரசு நிறுவனம் தன்னுடைய சிறப்பு எஃகு ஆலைகளைக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு யு.இ.எஸ். பங்குகளை வாங்கிக்கொண்டது. நம் கதையின் ஈய எஃகுக் கம்பி இந்த யு.இ.எஸ். தயாரிப்பு.

1988 டிசம்பரில் தாட்சர் அரசு பிரிட்டிஷ் ஸ்டீல் முழுவதையும் பங்குச் சந்தையில் விற்றது. ஒரு பங்கு 125 பென்ஸ். மொத்தம் சுமார் 250 கோடி பவுண்டு. அதற்குள் ஆட்கள் சுமார் ஐம்பதாயிரம் பேர்தான் மிச்சம், நிறுவனமும் லாபத்துக்கு வந்திருந்தது. பங்கு வாங்கியவர்கள் யாரும் சலுகை விலையில் வாங்கவில்லை. சந்தை விலையில் வாங்கினார்கள்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு வருஷ நஷ்டம் 180 கோடி. கம்பெனி முழுசுக்கும் விலை 250 கோடி. மாவு மில் கணக்கு ஞாபகம் வருகிறதா?

எதிர்த்தெரு மில்காரர்

1992-ல் அமெரிக்காவின் இன்லண்ட் ஸ்டீலும் பெத்லஹேம் ஸ்டீலின் கம்பிப் பிரிவும் அரசாங்கத்திடம் மனு கொடுத்தன. வெளிநாட்டு அரசு மானியம் கொடுத்த பொருள் இறக்குமதியாகி உள்நாட்டுத் தொழிலுக்குப் பாதிப்பு உண்டானால், அந்த மானியத்தின் அளவுக்கு ஒரு கூடுதல் வரி போடலாம். இதற்குக் கவுன்ட்டர்வெய்லிங் டியூட்டி என்று பெயர். நான் இங்கே 'ஈடுசெய் வரி' என்று எழுதுகிறேன். மானியம் எவ்வளவு என்று வணிகத்துறை கணக்குப் போடும். பாதிப்பு உண்டா என்று சர்வதேச வர்த்தக ஆணையம் பார்க்கும். இரண்டு பதிலும் 'ஆம்' என்றால்தான் வரி.

இரண்டும் 'ஆம்' என்று வந்தன. 1993 மார்ச்சில் ஈடுசெய் வரி உத்தரவு பிறந்தது. யு.இ.எஸ். கம்பிக்கு 12 சதவீதத்துக்கும் மேல்.

இங்கேதான் நம் கணக்குப்பதிவியல் உள்ளே வருகிறது. 1985-ல் கொடுத்த பணத்துக்கு 1993-ல் எப்படி வரி போட முடியும்? அதற்கு வணிகத்துறை ஒரு வழி வைத்திருந்தது. நாம் இயந்திரத்துக்குத் தேய்மானம் போடுவோமே, அதே யோசனை. எஃகு ஆலை இயந்திரத்தின் சராசரி ஆயுள் 18 வருஷம் என்று எடுத்துக்கொண்டு, ஒரே தடவையில் கொடுத்த மானியத்தை அந்த 18 வருஷத்துக்கும் பரப்பினார்கள். அதன்படி 1985 பணத்தின் நிழல் 2002 வரைக்கும் நீளும்.

சரி, நடுவில் ஆலை விற்கப்பட்டதே? அதற்கும் ஒரு சூத்திரம் இருந்தது. விற்பனை விலையில் ஒரு பகுதியைப் பழைய மானியத்தைத் திருப்பிக் கட்டியதாகக் கழித்துக்கொள்வார்கள். மீதி மானியம் ஆலையோடு சேர்ந்து புது முதலாளியிடம் போய்விட்டதாக வைத்துக்கொள்வார்கள். அவர் கொடுத்தது நியாயமான விலையா என்ற கேள்வியே எழாது. மானியம் என்பது ஆளுக்குக் கொடுத்ததில்லை, ஆலைக்குக் கொடுத்தது என்பது அவர்கள் வாதம்.

மறுஆய்வு என்ற சடங்கு

அமெரிக்க முறையில் ஒரு விசேஷம் உண்டு. சரக்கு இறங்கும்போது கட்டுவது முன்பணம் மாதிரிதான். கேட்டுக்கொண்டால் வருஷா வருஷம் வணிகத்துறை மறுஆய்வு செய்து, போன வருஷச் சரக்குக்கு உண்மையில் எவ்வளவு வரி என்று தீர்க்கும். அதாவது ஒவ்வொரு வருஷமும் கணக்கைப் புதிதாகத் திறந்து பார்க்க ஒரு வாய்ப்பு.

ஆனால் நடந்தது வேறு. 1994, 1995, 1996 வருஷ இறக்குமதிகளுக்கு நடந்த மறுஆய்வுகளில், மானியம் இன்னும் உள்ளே இருக்கிறது என்பதை முடிந்துபோன விஷயமாக வைத்துக்கொண்டே கணக்குப் போட்டார்கள். இதற்கிடையில் 1995-ல் ஜி.கே.என். வைத்திருந்த பாதியையும் பிரிட்டிஷ் ஸ்டீல் விலைக்கு வாங்கிவிட்டது. ஆக 1986, 1988, 1995 என்று மூன்று கைமாற்றம். மூன்று தடவையும் பணமாகவோ பங்காகவோ விலை கைமாறியிருக்கிறது. ஆனாலும் பழைய மானியம் அந்த ஆலையை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. வேதாளம் முருங்கை மரம் ஏறிய கதைதான்.

ஐரோப்பியர்கள் முதலில் பழைய காட் அமைப்பிடம் போனார்கள். 1994-ல் ஒரு குழு அறிக்கையும் வந்தது. ஆனால் காட் காலத்தில் எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் அறிக்கை செல்லும். தோற்றவரும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்றால் எந்தத் தீர்ப்பு நிற்கும்? அந்த அறிக்கை ஏற்கப்படாமலே போனது. 1995-ல் உலக வர்த்தக அமைப்பு பிறந்தபோது இந்த விதி தலைகீழானது. எல்லோரும் சேர்ந்து வேண்டாம் என்று சொன்னால் ஒழிய அறிக்கை செல்லும். 1998-ல் ஐரோப்பா மறுபடி கதவைத் தட்டியது.

தீர்ப்பு

1999 டிசம்பரில் விசாரணைக் குழு ஐரோப்பா பக்கம் தீர்ப்புச் சொன்னது. அமெரிக்கா மேல்முறையீடு செய்தது. 2000 மே 10 அன்று மேல்முறையீட்டு அமைப்பும் அதையே உறுதி செய்தது.

அவர்கள் சொன்ன காரணத்தை என் பாஷையில் சொல்கிறேன். மானியம் என்றால் வெறுமனே அரசாங்கம் பணம் கொடுத்தது மட்டும் இல்லை. அதனால் ஒருவருக்கு 'நன்மை' கிடைத்திருக்க வேண்டும். நன்மை என்றால் அதைப் பெற ஒரு ஆள் வேண்டும். மனிதனாக இருக்கலாம், கம்பெனியாக இருக்கலாம். செங்கல்லும் உலையும் நன்மை பெற முடியாது. புது முதலாளி முழு சந்தை விலை கொடுத்து வாங்கியிருந்தால் அவருக்கு இலவசமாக என்ன கிடைத்தது? ஒன்றும் இல்லை.

எனக்கு இதைவிட முக்கியமாகப் பட்டது இன்னொரு வரி. ஒரு தடவை மானியம் கண்டுபிடித்த பிறகு, மறுஆய்வில் அது தொடர்வதாக ஊகித்துக்கொள்ளலாம், அதில் தப்பில்லை. ஆனால் அது எந்தச் சாட்சியத்தாலும் மறுக்கவே முடியாத ஊகமாக இருக்கக் கூடாது என்றார்கள். ஆலை கைமாறியது என்ற தகவல் மேஜை மேல் இருக்கும்போது, அதைத் திறந்து பார்க்க வேண்டியது மறுஆய்வு செய்பவரின் கடமை.

சண்டை இதோடு முடியவில்லை. அமெரிக்கா வேறு ஒரு முறையைப் பிடித்தது. விற்றபிறகும் அதே ஆலை, அதே தொழில், அதே ஆட்கள் என்றால் அது 'அதே நபர்', ஆகவே மானியமும் அதே இடத்தில் இருக்கிறது என்றது. ஐரோப்பா மறுபடி வழக்குப் போட்டது. இந்தத் தடவை பன்னிரண்டு எஃகு வரி முடிவுகள். 2002 டிசம்பரில் மேல்முறையீட்டு அமைப்பு மறுபடியும் அமெரிக்க முறை செல்லாது என்றது.

ஆனால் அதில் ஒரு திருப்பம். நியாய விலைக்கு விற்றாலே மானியம் எப்போதும் அழிந்துவிடும் என்று கீழ்க்குழு சொல்லியிருந்தது. மேல்முறையீட்டு அமைப்பு அவ்வளவு தூரம் போகவில்லை. பொதுவாக அழிந்துவிடும் என்று ஊகிக்கலாம், ஆனால் அதையும் மறுத்து நிரூபிக்க இடம் உண்டு என்றது. காரணம், விற்கிற அரசாங்கமே அந்தச் சந்தையின் நிலைமைகளைத் தன் கொள்கைகளால் வளைக்கக்கூடியது. சந்தை விலையே வளைந்த விலையாக இருக்கலாம். 2003 ஜூனில் அமெரிக்க வணிகத்துறை தன் நடைமுறையை மாற்றிக்கொண்டது. தனியார்மயமான நிறுவனம், விற்பனை நேர்மையாக, நியாய விலைக்கு நடந்தது என்று நிரூபித்தால் பழைய மானியக் கணக்கில் இருந்து வெளியே வரலாம்.

பெத்லஹேம் பக்கம் நியாயமே இல்லையா?

இந்த இடத்தோடு நிறுத்தினால் ஐரோப்பா நல்லவன், அமெரிக்கா கெட்டவன் என்று ஆகிவிடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

எதிர்த்தெரு மில்காரரை நினைத்துப் பாருங்கள். ஏலத்தில் எடுத்தவருக்கு நன்மை கிடைக்கவில்லை என்பது சரி. ஆனால் ஊராட்சி பணம் போடாமல் இருந்திருந்தால் அந்த மில்லே அங்கே இருந்திருக்காது. அரசாங்கம் பத்து வருஷம் தாங்கிப் பிடித்ததால்தான் அந்த உலைகள் உயிரோடு இருந்தன. புது முதலாளி பணம் கட்டியது பிரிட்டிஷ் கஜானாவுக்கு. பெத்லஹேமுக்கு இல்லை. அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது, அதே ஆலையில் இருந்து அதே கம்பி வந்து இறங்குவது மட்டும்தான்.

பெத்லஹேம் சாதாரண கம்பெனி இல்லை. சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்துக்கு எஃகு கொடுத்த கம்பெனி. 2001-ல் திவாலானது. 2003-ல் சொத்துகள் வேறு கைக்குப் போனபோது, ஓய்வு பெற்ற தொழிலாளர்களுக்கும் குடும்பத்தினருக்கும் கொடுத்துவந்த மருத்துவக் காப்பீடும் நின்றது. அதற்கு இறக்குமதி மட்டும் காரணம் இல்லை. பழைய இரும்பை உருக்கிக் குறைந்த செலவில் எஃகு செய்த உள்ளூர் சின்ன ஆலைகளும் ஒரு காரணம், நிர்வாகமும் ஒரு காரணம். ஆனால் வாழ்நாள் முழுக்க உலை முன் நின்ற மனிதனிடம் போய் 'நன்மை பெற ஒரு நபர் வேண்டும்' என்று சட்ட விளக்கம் சொல்ல முடியுமா? கான்செட்டில் வேலை இழந்தவனும் பெத்லஹேமில் காப்பீடு இழந்தவனும் எதிரெதிர் கட்சி இல்லை. இரண்டு பேரும் ஒரே வரிசையில் நின்றவர்கள்.

அப்படியானால் நான் எந்தப் பக்கம்? கொஞ்சம் தயக்கத்தோடு தீர்ப்பின் பக்கம்தான். ஆலை உயிரோடு இருந்ததால் வந்த வலி உண்மை. ஆனால் ஈடுசெய் வரி அந்த வலிக்கு மருந்தாக எழுதப்பட்ட சட்டம் இல்லை. அது மானியத்தின் அளவுக்கு மட்டும் பதில் சொல்கிற வரி. அந்த அளவை விட்டு வெளியே போனால் ஈடு செய்வதும் இல்லை, வெறும் பாதுகாப்பு வரி ஆகிவிடும். ஒவ்வொரு நாடும் பழைய கணக்கைக் காட்டிக் கதவை அடைக்க ஆரம்பித்தால் கடைசியில் நம்மைப் போன்ற நாடுகளின் ஏற்றுமதிதான் அடிபடும்.

நாமும் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம். சீனாவில் இருந்து வரும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடுகள் மீது இந்தியா 2017-ல் 18.95 சதவீத ஈடுசெய் வரி போட்டது. உள்நாட்டு ஆலைகளுக்கு மகிழ்ச்சி. ஆனால் அந்தத் தகட்டை வாங்கிப் பாத்திரம் அடிக்கிற சின்னப் பட்டறைகளுக்கு அது செலவு. உலோக விலை ஏறியிருக்கிறது என்ற காரணத்தைச் சொல்லி 2022 பட்ஜெட்டில் அதை ரத்து செய்தார்கள். சரியா தப்பா என்று வாதாடலாம். ஆனால் போட்ட அன்று இருந்த நிலைமை வேறு, இன்றைய நிலைமை வேறு என்று ஒருவர் கேட்டார் அல்லவா? மறுஆய்வின் வேலையே அதுதான். நேற்றைய விடையைத் தேதி மாற்றிக் காப்பி அடிப்பது இல்லை. அந்த வேலையைப் பரீட்சையில் நாம் செய்தாலே மார்க் போடுவதில்லை!

கதை முடிந்ததா?

பிரிட்டிஷ் ஸ்டீல் 1999-ல் நெதர்லாந்தின் ஹூகோவன்ஸுடன் சேர்ந்து 'கோரஸ்' ஆனது. 2007-ல் கோரஸை நம் டாடா ஸ்டீல் வாங்கியது. பழைய யு.இ.எஸ். ஆலைகள் இருந்த ராதர்ஹாம், ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் சிறப்பு எஃகுப் பிரிவை டாடா 2017-ல் லிபர்ட்டி நிறுவனத்துக்கு விற்றது. 2025 ஆகஸ்டில் அந்த நிறுவனத்தைக் கலைக்கச் சொல்லி லண்டன் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆலையை நடத்தும் பொறுப்பு அரசு நியமித்த அதிகாரியிடம் போனது. செலவை ஏற்பதாக அரசாங்கம் சொன்னது.

கவனித்தீர்களா? அதே ஊர், அதே உலைகள், மறுபடி மக்கள் பணம். நாளைக்கு ஒருவர் நியாய விலை கொடுத்து வாங்குவார். அங்கிருந்து கம்பி எங்கேயாவது ஏற்றுமதி ஆகும். எதிர்த்தெரு மில்காரர் மனு கொடுப்பார். அப்போது தீர்ப்புச் சொல்ல அந்த மேல்முறையீட்டு அமைப்பு இருக்குமா என்பது வேறு கேள்வி. புது உறுப்பினர் நியமனத்தை அமெரிக்கா தொடர்ந்து தடுத்ததால் 2019 டிசம்பரிலேயே அது செயல்பட முடியாமல் போய்விட்டது.

அதனால் முதலில் கேட்ட கேள்வியை உங்களிடமே விட்டுவிட்டுப் போகிறேன். ஏலத்தில் எடுத்த மாவு மில்காரர் மானியம் பெற்றவரா, இல்லையா? பதில் சொல்லும்போது ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்லுங்கள். எந்தச் சாட்சியத்தைக் காட்டினால் உங்கள் பதிலை மாற்றிக்கொள்வீர்கள்? அது இல்லாத பதிலைத்தான் ஜெனீவாவில் செல்லாது என்று சொன்னார்கள்.